'டெகடென்ட்': ஒரு வசைச்சொல்லின் வரலாறு

ஆர்தர் சிமன்ஸ் 1893 நவம்பரில் 'ஹார்ப்பர்ஸ்' மாத இதழில் எழுதிய கட்டுரையொன்றைத் தமிழாக்கம் செய்ய நாங்கள் சிலர் கூடி முயன்றோம். ஆங்கில இலக்கிய வரலாற்றில் அடிக்கடி குறிப்பிடப்படும் கட்டுரை அது. பிரெஞ்சு மொழியில் அப்போது எழுந்திருந்த ஒரு புதிய எழுத்துப் போக்கை ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்வது. உள்ளே போகுமுன் தலைப்பிலேயே இடறி விழுந்தோம். இலக்கியத்தில் 'டெகடென்ட்' இயக்கம் என்பது தலைப்பு. அந்தப் பெயரடைக்குத் தமிழில் என்ன எழுதுவது?

ஒருவர் 'நலிவுற்ற' என்றார். இன்னொருவர் 'சீரழிந்த' என்றார். முற்போக்கு விமர்சனத்தில் ஊறிய எங்கள் மூத்த நண்பர் 'நசிவு' என்பதே வழக்கிலுள்ள சொல், அதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார். மூன்றையும் எழுதிப் பார்த்தோம். மூன்றிலும் கட்டுரை தலைகீழாயிற்று. சிமன்ஸ் அந்த எழுத்தாளர்களைப் பாராட்டுகிறார்; நாங்களோ தலைப்பிலேயே அவர்களைத் திட்டியிருந்தோம். அவர் அந்தப் போக்கை நோயென்று சொல்லத் தயங்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அழகிய, புதிய நோய் என்று மயங்கியே சொல்கிறார். வசையாகப் பிறந்த ஒரு சொல் எப்படிப் பாராட்டாயிற்று, பிறகு எப்படி மீண்டும் வசையாயிற்று என்று தேடப்போய், மொழிபெயர்ப்பை ஓரமாக வைத்துவிட்டோம். அந்தத் தேடலே இக்கட்டுரை.

முதலில் சொல்லின் பொருளெல்லை. ஆங்கிலத்தில் தேய்வையும் சிதைவையும் குறிக்கப் பெயரடைகளுக்குப் பஞ்சமில்லை. 'டெக்ரெபிட்' என்பது முதுமையால் தளர்ந்தது. கிறீச்சிடுதல் என்ற பொருள்தரும் லத்தீன் வினையோடு அதைத் தொடர்புபடுத்துவர். 'டிலாபிடேட்டட்' என்பதில் கல் என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. கல் கல்லாகச் சிதறிய கட்டடம் என்று அதைப் படிக்கலாம். இவற்றோடு 'டெகடென்ட்' சேர்வதில்லை. ஏழையின் கூரை சரிந்தால் அதை யாரும் 'டெகடென்ட்' என்று சொல்ல மாட்டார்கள். கடனில் மூழ்கிய ஜமீன் மாளிகையில், ஒழுகும் கூரையின் கீழே, மாலைதோறும் பன்னீர் தெளித்துச் சதிர் நடந்தால் அந்தச் சொல் பொருந்தும். வீழ்ச்சி மட்டும் அதற்குப் போதாது. வளமும் வேண்டும், மிகையான நேர்த்தியும் வேண்டும், இவற்றை அனுபவிப்பவனிடம் ஓர் அலட்சியமும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க விளம்பரக்காரர்கள் சாக்லேட் கேக்குக்கும் இதே அடைமொழியைச் சூட்டினார்கள். குற்றவுணர்வோடு சுவைக்கத்தக்கது என்பதே அங்கே பொருள். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைச் சொல்ல உதவிய சொல் இனிப்புக்கடைப் பலகையில் வந்து நின்றதைக் கண்டு சிரிக்கலாம். ஆயினும் சொல்லின் பாதிப் பொருளை விளம்பரக்காரர் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

வேர் எளியது. லத்தீனில் 'காதெரெ' என்றால் விழு. அதனோடு கீழ்நோக்கியதைக் குறிக்கும் 'தெ' சேர்ந்து இடைக்கால லத்தீனில் 'தெகதென்சியா' உண்டாயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் அதைப் பதினாறாம் நூற்றாண்டில் பெற்றது. பெயரடையான 'டெகடென்ட்' வெகு பிந்தியது. 1837இல் வெளிவந்த கார்லைலின் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றில் உள்ள ஆட்சியே அதன் முதற்பதிவாகக் காட்டப்படுவது. அதே வேரிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் வேடிக்கையானவை. சிதைவைக் குறிக்கும் 'டிகே' அதன் நேர் சகோதரி. இலையுதிர் மரத்தைச் சொல்லும் 'டெசிடுவஸ்' என்ற தாவரவியற் சொல்லும் அதே குடும்பம். உதிர்ந்து மீண்டும் தளிர்க்கும் மரம். மேற்குலகைக் குறிக்கும் 'ஆக்சிடென்ட்' என்ற சொல்லும் அவ்வேரிலிருந்தே வருகிறது. ஞாயிறு விழும் திசை அது. மேற்கு தன் பெயரிலேயே அந்தியைச் சுமந்திருக்கிறது. ஷ்பெங்லர் 1918இலும் 1922இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட பெருநூலின் ஜெர்மன் தலைப்பிலும் மேற்கு 'அந்தி நிலம்' என்றே வருகிறது.

இச்சொல் தனியாக வாழாது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தை 'டெகடென்ட்' என்றால், அதற்கு முன் ஒரு பொற்காலம் இருந்தது என்றும், அப்பொற்காலம் எதுவென்று சொல்பவருக்குத் தெரியும் என்றும் ஆகிறது. ஒற்றைச் சொல்லுக்குள் முழு வரலாற்றுக் கதையொன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அக்கதையின் மூலப்படிவம் ரோம்.

ரோமர்களே இதைத் தொடங்கிவைத்தார்கள். கி.மு. 146இல் கார்த்தேஜ் அழிக்கப்பட்டு எதிரியின் அச்சம் நீங்கியதும் ரோமரின் ஒழுக்கம் குலைந்தது என்று சல்லஸ்ட் எழுதினார். அகஸ்டஸின் ஆட்சித் தொடக்கத்தில் தம் வரலாற்றுக்கு முன்னுரை எழுதிய லிவி, ஒழுக்கம் முதலில் தளர்ந்து, பிறகு சரிந்து, பின்னர் தலைகுப்புற விழுவதாகப் புலம்புகிறார். காலத்தைக் கவனியுங்கள். மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் பதவி இழந்தது கி.பி. 476இல். கிழக்குப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது 1453இல். நாம் ரோமின் பொற்காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே நாள்களில்தான், விர்ஜிலும் ஹொரேஸும் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், எல்லாம் முடிந்துபோயிற்று என்று லிவி எழுதிக்கொண்டிருந்தார்.

1734இல் மோந்தெஸ்கியு ரோமரின் மேன்மைக்கும் வீழ்ச்சிக்குமான காரணங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்; அதன் தலைப்பில் 'தெகதான்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் இடம்பெற்றது. ரோமை விழச்செய்தது அதன் வெற்றியே என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு நகரத்துக்கென அமைந்த சட்டங்களைக் கொண்டு உலகத்தை ஆள முடியவில்லை. 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த கிப்பனின் வரலாறு தலைப்புக்கு இச்சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேய்வு, வீழ்ச்சி என்ற இரு எளிய சொற்களை வைத்துக்கொண்டது. ரோம் ஏன் அழிந்தது என்று கேட்பதைவிட, அத்தனை காலம் எப்படி நிலைத்தது என்று வியப்பதே தகும் என்று கிப்பனே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். அவரைப் படிக்காமல் மேற்கோள் காட்டுவோர் இந்த இடத்தைத் தாண்டிவிடுவார்கள்.

வீழ்ச்சி என்பதே பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பீட்டர் பிரவுன் 1971இல் எழுதிய நூலுக்குப் பிறகு, மூன்றாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரையிலான காலத்தைப் 'பிற்காலத் தொன்மை' என்று நடுநிலையான பெயரால் சுட்டும் வழக்கம் வலுப்பெற்றது. அது சரிவின் காலமல்ல, உருமாற்றத்தின் காலம் என்றார்கள். 2005இல் பிரையன் வார்ட்-பெர்க்கின்ஸ் அதற்கு எதிராக மட்பாண்டங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். ரோமர் காலத்தில் சாதாரணக் குடியானவன் வீட்டிலும் சூளையில் சுட்ட நல்ல பாண்டமும் ஓடுவேய்ந்த கூரையும் இருந்தன. பிறகு மேற்கின் பல பகுதிகளில் அவை மறைந்தன. மாடுகளின் எலும்பை அளந்தால் உருவம்கூடச் சிறுத்திருந்தது என்று காட்டினார். இது எங்களுக்கு வலுவான வாதமாகவே படுகிறது. ஓடும் மாடும் அளக்கத்தக்கவை. அவற்றின் வீழ்ச்சியைத் தேய்வு என்று கூசாமல் சொல்லலாம். 'டெகடென்ட்' என்ற சொல்லோ ஓட்டையும் மாட்டையும் பற்றிப் பேசுவதேயில்லை. அது கவிதையையும் விருந்தையும் படுக்கையறையையும் பற்றிப் பேசுகிறது. அங்கே அளவுகோல் யார் கையில் இருக்கிறது?

1834இல் அதை எடுத்தவர் தெசிரே நிஸார் என்ற பிரெஞ்சு விமர்சகர். வீழ்ச்சிக் காலத்து லத்தீன் கவிஞர்களைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். நீரோவின் காலத்தில் வாழ்ந்து இருபத்தைந்து வயதில் தற்கொலைக்குத் தள்ளப்பட்ட லூக்கானே அதில் முதன்மையான குற்றவாளி. வருணனை மிகுதி, தேவையற்ற நுணுக்கம், புலமைப் பகட்டு, முழுமையை மறந்து உறுப்புகளில் மயங்குதல் என்று நோய்க்குறிகளை அடுக்கினார் நிஸார். நூலின் இறுதியில் தம் காலத்துப் பிரெஞ்சுக் கவிதைக்கு வந்து, அதே குறிகள் இங்கும் தென்படுகின்றன என்றார். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த லூக்கானை அடித்த அடி விக்தோர் ஹ்யூகோவின் முதுகில் விழவேண்டும் என்பதே நோக்கம். அரசியல் வரலாற்றிலிருந்த சொல் இலக்கிய விமர்சனத்தில் குடியேறிய நிகழ்ச்சி இது. வந்த நாளிலேயே, சமகாலத்தவனை அடிக்க இறந்தவனைக் கோலாக எடுக்கும் உத்தியும் கூடவே வந்துவிட்டது.

இச்சொல்லைத் திருப்பிப் பிடித்தவர் போதலேர். 1857இல் எட்கர் ஆலன் போ பற்றி எழுதிய குறிப்புகளின் தொடக்கத்திலேயே, 'வீழ்ச்சிக் கால இலக்கியம்' என்று கொட்டாவி விட்டபடி உச்சரிக்கும் பேராசிரியர்களைக் கேலி செய்தார். அவர் வாதம் இரண்டு படி கொண்டது. இலக்கியங்கள் குழந்தைப் பருவம், இளமை, முதுமை என்று இயற்கைவிதியின்படி வளர்கின்றன என்றால், அந்த விதிக்கு உட்பட்டு முதிர்ந்திருப்பதற்காக எங்களை ஏன் குற்றம் சாட்டுகிறீர்கள் என்பது முதலாவது. இரண்டாவது அந்திச் சூரியன். உச்சியில் நின்று வெண்ணிற ஒளியால் அனைத்தையும் நசுக்கிய அதே சூரியன், சாயும்போதுதான் மேல்வானத்தைப் பல வண்ணங்களில் நனைக்கிறது. அந்த வண்ணங்களை உச்சிப்பொழுதில் யாரும் காணமுடியாது. அதே ஆண்டில் அவருடைய 'தீமையின் மலர்கள்' தொகுப்பின் மீது வழக்குத் தொடரப்பட்டது. முந்நூறு பிராங்க் அபராதம். ஆறு கவிதைகளுக்குத் தடை. அத்தீர்ப்பு நீக்கப்பட்டது 1949இல். இடைப்பட்ட தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் அவர் பிரெஞ்சுக் கவிதையின் தந்தையரில் ஒருவராகிவிட்டார்.

போதலேர் இறந்த மறு ஆண்டு, 1868இல், அத்தொகுப்பின் புதிய பதிப்புக்கு முன்னுரை எழுதிய கோத்தியே, 'தெகதான்ஸ்' நடை என்பது முதிர்ச்சியின் உச்சியை எட்டிய கலையே என்று விளக்கம் தந்தார். 1881இல் போல் பூர்ழே இதைக் கோட்பாடாக்கினார். சமூகம் ஓர் உயிருடல், தனிமனிதன் அதன் உயிரணு. அணுக்கள் உடலுக்கு அடங்காமல் தம் போக்கில் செழிக்கத் தொடங்கினால் உடல் நசிகிறது. நடையிலும் இதுவே நிகழ்கிறது என்றார்: நூலின் ஒருமை குலைந்து பக்கம் தனித்து நிற்கிறது, பக்கம் குலைந்து வாக்கியமும், வாக்கியம் குலைந்து சொல்லும் தனியாட்சி பெறுகின்றன. நீட்ஷே 1888இல் வாக்னரைத் தாக்கி எழுதிய சிறுநூலில் இக்கருத்தைப் பெயர் சொல்லாமலேயே எடுத்தாண்டார். ஜெர்மன் வாக்கியத்துக்கு நடுவே பிரெஞ்சுச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்தார் என்பது, எங்களைப் போன்றோருக்குச் சிறு ஆறுதல். அந்நூலின் முன்னுரையில் தாமும் இந்நோயின் பிள்ளையே என்றும், அதை எதிர்த்துப் போராடியதே தமக்கும் வாக்னருக்கும் வேறுபாடு என்றும் சொல்கிறார். அச்சொல்லைப் பிறர்மேல் எறிந்தவர்களுள் தம்மையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட நேர்மையை நாங்கள் வேறெவரிடமும் காணவில்லை.

1880களின் பாரிஸில் இச்சொல் சட்டைப்பையில் செருகும் பூவாயிற்று. 1883இல் வெர்லேன் எழுதிய ஒரு பதினான்கடிக் கவிதை, வீழும் பேரரசே தன்வாய்மொழியாகப் பேசுவது போல் அமைந்தது. காட்டுமிராண்டிகள் உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள். பேரரசோ சோம்பலாக அமர்ந்து முதலெழுத்துகளை அடுக்கிச் சித்திரகவி இயற்றிக்கொண்டிருக்கிறது. 1884இல் ஹ்யுஸ்மான்ஸ் எழுதிய நாவலின் நாயகன் தே ஸேசாந்த், பிரபுகுலத்தின் கடைசி வாரிசு. நகரத்தை வெறுத்து ஒதுங்கிய வீட்டில், பள்ளிகளில் போற்றப்படும் விர்ஜிலை ஒதுக்கிவிட்டு, பெட்ரோனியஸ் முதலான பிற்கால லத்தீன் நூல்களைச் சேகரித்து வாழ்கிறான். தரைவிரிப்பின் வண்ணத்தை எடுப்பாகக் காட்டுவதற்காக ஓர் ஆமையின் ஓட்டுக்குப் பொன்முலாம் பூசி மணிகளும் பதிக்கிறான். பாரம் தாங்காமல் ஆமை இறந்துபோகிறது. ஆபரணத்தைப் பற்றி நிஸார் இரண்டு தொகுதியில் சொன்னதை ஹ்யுஸ்மான்ஸ் ஓர் ஆமையில் சொல்லிவிட்டார். இதை எழுதியவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் உள்துறை அமைச்சகத்தில் ஒழுங்காக வேலைக்குப் போன எழுத்தர் என்பதையும் சொல்லியாகவேண்டும். ஓய்வூதியத்துடன் பணி நிறைவு பெற்றார்.

பூ வாடவும் நாளாகவில்லை. 1885இல் இருவர் சேர்ந்து ஒரு கற்பனைக் கவிஞனின் பெயரில் கேலிக் கவிதைத் தொகுதியொன்றை வெளியிட்டார்கள். பகடி என்று அறியாமல் பலர் அதன் மூலமே இயக்கத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். 1886 ஏப்ரலில் பள்ளி ஆசிரியரான அனத்தோல் பஜு 'லெ தெகதான்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். அது 1889 வரை நடந்தது. 1886 செப்டம்பர் 18 அன்று 'லெ ஃபிகாரோ' நாளிதழில் ழான் மொரேயாஸ் அறிக்கை வெளியிட்டு, அப்பெயரை விடுத்துக் 'குறியீட்டியம்' என்ற பெயரை முன்வைத்தார். கௌரவமான பெயர் கிடைத்ததும் பலரும் அங்கே நகர்ந்தார்கள். சிற்றிதழ்க்காரர்களின் பெயர்ச்சண்டைகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் எதுவும் விளங்காமல் இராது.

சிமன்ஸுக்கு வருவோம். 1893இல் 'டெகடென்ட்' என்று தலைப்பிட்டு எழுதிய அதே மனிதர், அதே கவிஞர்களைப் பற்றி 1899இல் ஒரு நூல் எழுதினார். தலைப்பில் 'குறியீட்டியம்' மட்டுமே இருந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அவர் கருத்தும் மாறியிருந்தது, யேட்ஸின் நட்பும் அதில் பங்கு கொண்டது. ஆனால் லண்டனில் வேறொன்றும் நடந்திருந்தது. 1895 ஏப்ரல் 5 அன்று ஆஸ்கர் வைல்ட் கைதானார். அவர் கையில் மஞ்சள் அட்டைப் புத்தகமொன்று இருந்ததாகச் செய்தி பரவியது. 'யெல்லோ புக்' என்பது அப்போது பிரபலமாயிருந்த காலாண்டிதழ். வைல்ட் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆயினும் கூட்டம் சென்று பதிப்பகத்தின் சாளரங்களைக் கல்லெறிந்து உடைத்தது; இதழின் ஓவிய ஆசிரியரான பியர்ட்ஸ்லி வேலையை இழந்தார். மே 25 அன்று வைல்டுக்கு இரண்டு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு லண்டனில் அந்தப் பூவைச் சட்டையில் செருகிக்கொண்டு தெருவில் நடக்க எவரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

அதே 1895இல்தான் மாக்ஸ் நோர்டாவின் 'என்டார்டுங்' ஆங்கிலத்தில் வந்தது. ஜெர்மனில் 1892இல் வெளியானது. நோர்டாவ் மருத்துவர், குற்றவாளிகளின் மண்டையோட்டை ஆராய்ந்த லொம்ப்ரோஸோவுக்குத் தம் நூலைக் காணிக்கையாக்கினார். நூலில் வைல்ட், வெர்லேன், இப்சன், தோல்ஸ்தோய், வாக்னர், நீட்ஷே எல்லோரும் நோயாளிகளே. இங்கே சொல் சற்று மாறுகிறது. 'டெகடென்ட்' என்பதில் ஒரு காலமோ நடையோ வீழ்கிறது. 'என்டார்டுங்' என்பதில் குருதியே கெடுகிறது. இலக்கிய விமர்சனத்தின் வசைச்சொல் மருத்துவரின் சீட்டில் எழுதப்பட்டுவிட்டது. நோர்டாவ் யூதர்; ஹெர்ட்ஸலோடு சேர்ந்து சியோனிய இயக்கத்தைக் கட்டியவர்; 1923இல் இறந்தார். 1937 ஜூலை 19 அன்று முனிக் நகரில் நாஜிகள் திறந்த கண்காட்சியின் பெயரில் அவருடைய சொல்லே பெயரடையாக நின்றது. ஏறத்தாழ 650 படைப்புகள், அவமதிக்கும் வாசகங்களுடன் நெருக்கிமாட்டப்பட்டன. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

எதிர்முகாமில் என்ன நடந்தது? 1946 ஆகஸ்ட் 14 அன்று சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு, லெனின்கிராடின் இரு இலக்கிய இதழ்களைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அன்னா அக்மதோவாவின் கவிதைகள் அவநம்பிக்கையும் நசிவும் நிறைந்தவை என்றது அத்தீர்மானம். அங்கே ஆளப்பட்ட ருஷ்யச் சொல்லும் 'விழு' என்ற வேரிலிருந்து வந்ததே. லெனின்கிராட் முற்றுகையைக் கண்டவர் அக்மதோவா. மகனின் சிறைவாசலில் வரிசையில் நின்றவர். அவருடைய முதல் கணவர் 1921இல் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். வரவேற்பறையின் சலிப்புக் கவிஞர் என்ற பொருள்பட அவரை வைது எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். தயாராகியிருந்த நூல் வெளிவரவில்லை. தீர்மானம் ரத்தானது 1988இல். அவர் 1966இலேயே இறந்துவிட்டார்.

எங்கள் மூத்த நண்பர் இந்த இடத்தில் குறுக்கிட்டார். சொல்லைத் தவறாகப் பயன்படுத்தியவர்களை வைத்துச் சொல்லையே தள்ளலாமா, மக்கள் பட்டினி கிடக்கையில் மொழியை மட்டும் மெருகிட்டுக்கொண்டிருக்கும் எழுத்தை வேறு எப்படி அழைப்பது என்று கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. அப்படிப்பட்ட எழுத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பொய்யென்றோ, வெறுமையென்றோ, உணர்ச்சியற்றதென்றோ நூலைத் திறந்து காட்டி நிறுவலாம். 'டெகடென்ட்' என்று சொல்பவர் நூலைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. காலத்தைச் சொன்னால் போதும், வர்க்கத்தைச் சொன்னால் போதும், கவிஞர் தாமாகவே குற்றவாளியாகிவிடுவார்.

நம் பக்கத்திலும் இது நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரதாபசிம்மனின் தஞ்சை அரசவையில், முத்துப்பழனி 'ராதிகா சாந்துவனம்' என்ற சிருங்கார காவியத்தைத் தெலுங்கில் எழுதினார். 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைப் பதிப்பித்தார். முத்துப்பழனியைக் கந்துகூரி வீரேசலிங்கம் ஏற்கெனவே கண்டித்திருந்தார். பெண் எழுதத்தகாதவை என்பதே கண்டனம். அவரே அச்சுக்கு ஒப்புதல் தந்த வேறொரு காவியத்தில் ஆண் எழுதியிருப்பது இதைவிடக் குறைந்ததா என்று நாகரத்தினம்மாள் முன்னுரையில் கேட்டார். 1911இல் பிரிட்டிஷ் அரசு நூலைத் தடை செய்தது. 1947 வரை தடை நீடித்தது. விக்டோரியாவின் காலத்து ஒழுக்கத்தைப் படித்த கண்கள், தஞ்சை அரசவையில் ரோமப் பேரரசின் கடைசி விருந்தைக் கண்டுவிட்டன. தெலுங்கு இலக்கிய வரலாறுகளில் ஒரு காலப்பகுதிக்கு 'க்ஷீண யுகம்' என்றே பெயருண்டு. 1992இல் வெல்செரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் சேர்ந்து நாயக்கர் கால அரசவைகளைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு, அந்நூற்றாண்டுகளைச் சரிவு என்று ஒதுக்குவது எளிதாக இல்லை.

தமிழில் இதன் நிழல் சிற்றிலக்கியங்களின் மீது விழுந்தது. கம்பனுக்கும் பாரதிக்கும் இடையே உலாவும் தூதும் கலம்பகமும் சிலேடையும் சித்திரகவியும் மண்டிய காலத்தைத் தேக்கமென்றே நாமெல்லாம் படித்து வளர்ந்தோம். சொல்விளையாட்டு பெருகினால் கவிதை நோயுற்றது என்பது அங்கே சொல்லப்படும் காரணம். நிஸார் லூக்கானுக்கு எழுதிய அதே மருந்துச்சீட்டு. ஆனால் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கத்தக்க மாலைமாற்றைப் பாடியவர் ஞானசம்பந்தர். ஏகபாதமும் ஏழுகூற்றிருக்கையும் அவரிடமே உண்டு. ஏழாம் நூற்றாண்டு, பக்தி இயக்கத்தின் விடியற்காலை. அதே விளையாட்டு விடியலில் அருளாகவும் அந்தியில் அழுகலாகவும் எப்படி மாறும்? கெட்ட சிலேடைகள் ஏராளம் உண்டு என்பதை மறுக்கவில்லை. சிலவற்றைப் படித்து நாங்களே நொந்திருக்கிறோம். அவை கெட்டவை என்பதற்குக் காரணம் அவற்றிலேயே இருக்கிறது.

பிறகு 1959இல் 'எழுத்து' தொடங்கி, புதுக்கவிதை வேர்பிடித்தபோது, முற்போக்கு விமர்சகர்கள் 'நசிவு இலக்கியம்' என்ற சொல்லைக் கையிலெடுத்தார்கள். பாரிஸிலிருந்து மாஸ்கோ போய் வந்த சொல் அது. தனிமையையும் அவநம்பிக்கையையும் எழுதியவர்கள்மேல் அது விழுந்தது. இங்கே எவரும் சிறைக்குப் போகவில்லை, எந்த நூலும் தடைசெய்யப்படவில்லை. படிக்காமலே சிலரை ஒதுக்கிவைக்க ஒரு தலைமுறைக்கு வசதி கிடைத்தது.

இனி மொழிபெயர்ப்பு. அக்மதோவாவின் தீர்மானத்தைத் தமிழாக்க நேர்ந்தால் 'நசிவு' என்றே எழுதுவோம். வைதவர்கள் வைதபடியே ஒலிக்கட்டும். கிப்பனுக்குத் 'தேய்வு' போதும். சிமன்ஸுக்குத்தான் சிக்கல். பழந்தமிழில் 'அளிதல்' என்றொரு வினை உண்டு. மிகக் கனிந்து குழைதல் என்று பொருள். 'அளிந்த பழம்' என்பது காம்பைவிட்டு நழுவும் பதத்திலுள்ளது. அன்பால் நெகிழ்தலும் அச்சொல்லில் அடங்கும். அழுகலுக்கு ஒரு நாள் முந்திய அந்தக் கனிவைப் போதலேரும் கோத்தியேயும் மறுத்திருக்கமாட்டார்கள் என்று ஒரு நண்பர் அதை முன்மொழிந்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வசையின் காரம் அதில் அறவே இல்லை, வசையென்று அறியாமல் பூவாகச் சூடியதன் துணிவு விளங்காது என்றார் மூத்த நண்பர். அவர் சொல்வதும் சரியே. இப்போதைக்கு நீட்ஷேயின் வழியில், தலைப்பில் 'டெகடென்ட்' என்றே வைத்து, உள்ளே மூன்று இடங்களில் 'அளிந்த' என்று பென்சிலால் எழுதியிருக்கிறோம். கட்டுரையின் பத்தாம் பத்தியில் நிற்கிறோம்.